பின் சீட்டில் அழகுமுத்து

அந்தக் காருக்கு லிந்துலைத் தேயிலைமலைப் பக்கம் வேலையே இல்லை. கொழும்பில், வழுவழுவென்ற வீதியில், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போக வேண்டிய சாமான் அது. தோல் சீட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத எஞ்சின், கொஞ்சம் பெட்ரோலும் கொஞ்சம் பெட்டரியுமாக ஓடுகிற ஹைபிரிட். ஒரு துணிக்கடை முதலாளிக்காக அதைப் பல வருஷம் ஓட்டியவன் கஜேந்திரன். பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலம் முடிந்ததும், முதலாளி கடையை மூடிவிட்டு வெளிநாட்டிலிருக்கும் மகனோடு போய் இருக்கப் புறப்பட்டார். போகிற அன்றைக்குச் சாவியை இவன் கையில் வைத்தார்.

"இத்தன வருசம் நீதானே ஓட்டுன. நீயே வச்சுக்கப்பா. ஒன் சேவைக்கு நான் குடுக்குறதுன்னு நெனச்சுக்க."

கஜேந்திரன் அன்றைக்கு அழுதுவிட்டான். இப்போதும் சில நாட்களில் அழுகை வருகிறது. காரணம்தான் வேறு.

காரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது வரிசை வீட்டு லயமே வெளியே வந்து நின்றது. சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முன்கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை போட்டார்கள். கஜேந்திரனின் அப்பா அழகுமுத்து காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கவ்வாத்துக் கத்தி பிடித்தே முதுகு வளைந்துபோன மனிதர். தேயிலைச் செடியை வெட்டிவிடும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படியே காரையும் குனிந்து பார்த்தார். பிறகு பின்பக்கத்து இடது கதவுக்கு நேரே வந்து நின்றுகொண்டார்.

"முன்னுக்கு ஏறுங்கப்பா. ரோட்டப் பாத்துக்கிட்டே வரலாம்" என்றான் கஜேந்திரன்.

"பெரிய தொர எங்க உக்காருவாரு?"

"பின்னுக்குத்தான்."

"அப்ப எனக்கு மட்டும் என்ன முன்னுக்கு?"

சனம் சிரித்தது. கதவைத் திறந்துவிடும் வரைக்கும் அவர் கைப்பிடியைத் தொடவில்லை. மழையில் ரோட்டோரம் ஒதுங்கி நின்று, எத்தனையோ தோட்டத் துரைமாரின் கார் போவதைப் பார்த்தவர். துரை எந்தப் பக்கம் உட்காருவார், காலை எப்படிப் போடுவார், யார் கதவைத் திறப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அன்றிலிருந்து அந்த இடது பின் சீட்டு அழகுமுத்துவுக்கு. நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாதாமாதம் அப்பனை அழைத்துப் போகும்போதெல்லாம், கொழும்பில் முதலாளிக்கு ஓட்டியது போலவே கஜேந்திரன் முன்னால் தனியாக உட்கார்ந்து ஓட்டினான்.

தொல்லை அந்த வழியில்தான் தொடங்கியது. நானுஓயா தாண்டி ஏற்றம் பிடிக்கும்போது, முன்பலகையில் சிவப்பு முக்கோணம் ஒன்று எரிந்தது. காரின் பலமெல்லாம் இறங்கிப்போனது. காலை எவ்வளவு அழுத்தினாலும், சுமை தூக்கிய மாடு மாதிரி முனகிக்கொண்டு ஊர்ந்தது. ஓரங்கட்டி நிறுத்தினான். அழகுமுத்து இறங்கி, ஒரு தேத்தண்ணிக் கடையைப் பார்த்துப் போனார். குடித்துவிட்டு வந்தார். சாவியைப் போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி கார் ஓடியது.

அடுத்த மாதமும் அப்படி. அதற்கடுத்த மாதமும்.

ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் பாஸ், நல்ல மனுஷன், சிங்களவர், தமிழ் சரளமாகப் பேசுவார். மெஷினைச் செருகிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மெசின் சொல்லுது பெட்டரி ரொம்பச் சூடாம். அண்ணே, இந்த ஊருல மனுசனுக்கே சூடு இல்ல. பெட்டரிக்கு எங்கருந்து சூடு?"

அவரே ஓட்டிப் பார்த்தார். கொட்டகலைக்குப் போய் வந்தார், வட்டவளைக்குப் போய் வந்தார். முக்கோணம் எரியவே இல்லை. 'சென்சர் பொய் சொல்லுது' என்று அதை மாற்றினார். மறுபடியும் கிளினிக் நாளில் எரிந்தது. கண்டிக்குக் கொண்டுபோனான். அங்கே படித்த பையன்கள், மடிக்கணினி, கைக்குக் கறுப்பு உறை. பெட்டரியைக் கழற்றி, உள்ளேயிருந்த கட்டைகளில் சிலது பழுது என்று காட்டி மாற்றினார்கள். வரும் வழியெல்லாம் கார் வெண்ணெய் மாதிரி வந்தது. கஜேந்திரன் மனதுக்குள் முருகனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டான். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, அதே நானுஓயா ஏற்றம், அதே சிவப்பு முக்கோணம்.

வினோஜன் என்று ஓர் ஆட்டோக்காரன். ரோட்டோரம் போனட்டைத் திறந்துவைத்து நிற்கும் கஜேந்திரனைக் கண்டால் நிறுத்தாமல் போகமாட்டான்.

"என்னண்ணே, மந்திரிமார் போற காரு இங்கயே குடியிருக்கு? கவுறு கெடக்கு, கட்டி இழுக்கவா?"

"போடா."

"நெசமாத்தாண்ணே. நம்ம ஆட்டோவுக்கு ரெண்டே வியாதிதான். பெட்ரோல் இல்ல, இல்லாட்டி பிளக் இல்ல. ஒங்க காரு பெரிய எடத்துப் புள்ள, வியாதியும் இங்கிலீசுலதான் வரும்."

கஜேந்திரன் சிரிக்கவும் செய்தான். கோபப்பட வேண்டுமென்றால் அதற்கும் தெம்பு வேண்டும் இல்லையா? விடியும் முன்னே எழுந்து ஹயர் ஓட்டத்துக்குப் போய், கராஜ் வாசலில் பகலைக் கழித்து, வந்து படுத்தால், கண்ணை மூடினாலும் இமைக்குள் அந்த முக்கோணம் எரிந்தது.

கடைசியில் கண்டுபிடித்தவள் அவன் பெண்சாதி கிருஷாந்தி. கண்டுபிடித்தாள் என்றுதான் வீட்டில் பேச்சு.

"நீங்க மெசின வச்சுப் பாக்குறீங்க. நான் கண்ணால பாக்குறேன். மாமா ஏறுற அன்னைக்குத்தான் வண்டி நிக்குது."

"பைத்தியக்காரி மாதிரி பேசாத."

"மரக்கறி மூட்டை ஏத்திக்கிட்டு நுவரெலியாவுக்குப் போனீங்களே, நின்னுச்சா? தங்கச்சி குடும்பத்தோட மஸ்கெலியா போனீங்களே, நின்னுச்சா?"

நிற்கவில்லை. அதுதான் அவனைத் தின்றது. இதையெல்லாம் நம்புகிற ஆளில்லை அவன். ஆனால் களைத்துப்போனவனுக்கு எந்தப் பதிலும் பதில்தான். பேச்சு மெல்ல மெல்ல லயத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அழகுமுத்து கால் வைத்தால் கார் நிற்கும். சிரிப்பாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்கள். அழகுமுத்து காதிலும் விழுந்திருக்க வேண்டும். கிளினிக் நாளில், "பஸ்ஸுலயே போயிருவமா?" என்று ஒருமுறை கேட்டார். முட்டி தேய்ந்தவரை எப்படி பஸ்ஸில் ஏற்றுவது?

இந்த நிலையில்தான் கேஷிகாவின் கல்யாணம் வந்தது. கேஷிகா, கஜேந்திரனின் தங்கை சீதாலெட்சுமியின் ஒரே மகள். கார் தோட்டத்துக்கு வந்த அன்றைக்கே, "என் கலியாணத்துக்கு மாமா காருலதான் மண்டபத்துக்குப் போவேன்" என்று சொல்லிவைத்த பிள்ளை. தாய்மாமன்தான் பெண்ணை அழைத்துப் போய் இறக்க வேண்டும். ஹட்டன் மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்கள். முகூர்த்தம் காத்திருக்காது. தோட்டத்து ரோட்டில் தேயிலைப் பெக்டரிக்கு மேலே இருக்கிற ஏற்றத்தில் மணப்பெண்ணோடு கார் நின்றால் என்ன பேச்சு வரும் என்பதை யாரும் கஜேந்திரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல்நாள் பின்னேரம் சீதாலெட்சுமி வந்தாள். வாழையிலைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, சும்மா நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லு."

"அப்பாவ மத்தவங்களோட வேன்ல வரச் சொல்லிரேன்."

"நீ சொல்லேன். ஒனக்கும் அப்பாதானே?"

"என் வாயால எப்புடிண்ணே சொல்றது? பேத்திக்குப் பக்கத்துல உக்காந்து போகணும்னு கோட்டெல்லாம் வெயில்ல காயப் போட்டிருக்காரு."

அவளாலும் சொல்ல முடியவில்லை, கிருஷாந்தியாலும் முடியவில்லை. வண்டி ஓட்டுகிறவன் தலையில்தான் அதுவும் வந்து விழுந்தது.

காலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. கார் முன்னால் பூச்சரம் கட்டியாகிவிட்டது. கேஷிகா சிவப்புப் பட்டில் வந்து பின் சீட்டில் ஏறினாள். பக்கத்தில் சீதாலெட்சுமி. அழகுமுத்து கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, தன்னுடைய கதவுக்கு நேரே நின்றார். யாராவது திறக்கட்டும் என்று.

கஜேந்திரன் போனான். கதவைத் திறக்கவில்லை.

"அப்பா, எடம் பத்தாது. சீல கசங்கிரும். நீங்க வேன்ல வாங்களேன்."

அழகுமுத்து அவன் முகத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"நின்னுரும்னு பாக்குறியாக்கும்."

"அப்புடி இல்லப்பா."

"சரி விடு. புள்ளைக்கு நல்ல நாளு."

மெல்லத் திரும்பி வேனைப் பார்த்து நடந்தார். கஜேந்திரன் தன் சீட்டில் வந்து உட்கார்ந்து சாவியைப் போட்டான். அப்போது பின்பக்கத்து இடது கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். மறுபடியும் அழகுமுத்து. கேஷிகா கண்ணாடியை இறக்கினாள். அவர் கோட்டுப் பைக்குள் கையைவிட்டு, கறுத்துப்போன கம்பளித் துண்டு ஒன்றைச் சுருட்டியபடி எடுத்து நீட்டினார்.

"இந்தா கண்ணு. கதவோரம் சீட்டுக்குக் கீழ ஒரு ஓட்டை இருக்கும். அதுல இத நல்லா சொருகிக்க. இல்லாட்டி காத்து உறிஞ்சும், காலெல்லாம் சில்லிட்டுப் போயிரும். எறங்குறப்ப ஞாபகமா எடுத்துக்க."

கஜேந்திரன் சாவியைத் திருப்பினான். கார் அணைந்தது. இறங்கிச் சுற்றி வந்தான்.

"எந்த ஓட்டைப்பா?"

"அதோ, கம்பி போட்டாப்ல இருக்கே."

அந்தக் கம்பித் தட்டி அவனுக்குப் புதிதல்ல. பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டரி, காருக்குள்ளேயிருந்து காற்றை இழுத்துத் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும் வழி அது. கொழும்பில் இருக்கும்போது வாரம் ஒருதடவை தூசு தட்டியிருக்கிறான். ஹட்டன் பாஸிடமும் கண்டிப் பையன்களிடமும், "அது சுத்தமாத்தான் இருக்கு, நானே பாத்தேன்" என்று சத்தியம் செய்தவனும் அவன்தான். பார்க்கும்போதெல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. இறங்கும்போதெல்லாம் அப்பா துண்டை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஏறுறப்பல்லாம் இத அடைச்சுக்கிட்டா வந்தீங்க?"

"பின்ன? குளிருதுல்ல."

"ஏப்பா எங்கிட்ட சொல்லல?"

"ஓட்டைய அடைக்க ஒங்கிட்ட பெர்மிசன் வாங்கணுமா?"

அதில் தப்பு என்ன? லயத்து ஒற்றைக் காம்பரா வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கு ஓட்டை என்றால் அடைக்க வேண்டியது. தகரத்தில் ஓட்டை, பலகையில் இடுக்கு, கதவுக்குக் கீழே சந்து, எதைக் கண்டாலும் சாக்கோ கந்தலோ கடதாசியோ கொண்டு அடைத்துவிட்டுத்தான் அங்கே யாரும் படுப்பார்கள். கஜேந்திரனும் அப்படித்தான் வளர்ந்தான். காற்று உள்ளே போவதற்கென்றே ஒருவன் ஓட்டை வைப்பான் என்று யார் நினைப்பது?

கத்த வேண்டும் போலிருந்தது. கண்டிக்குப் போன பயணங்கள், மாற்றிய சென்சர், பெட்டரிக் கட்டைகள், மழையில் போனட்டைத் திறந்துவைத்து நின்ற நேரமெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. வந்து, அப்படியே இறங்கிவிட்டன. அவன் கார்மேல் சாய்ந்துகொண்டான். இப்படியே கொஞ்சம் தூங்கினால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

"என்ன மாமா? நேரமாச்சு" என்றாள் கேஷிகா.

"தங்கச்சி, நீ முன்னுக்கு வா." சீதாலெட்சுமி இறங்கியதும் அப்பா பக்கம் திரும்பினான். "ஏறுங்கப்பா."

அழகுமுத்து ஓரடி பின்னால் போனார். "வேணாம்பா. நான் ஏறுனா நின்னுரும்."

"நின்னது ஒங்களால இல்ல. இந்தத் துண்டால. பெட்டரி மூச்சு விட முடியாமத்தான் நின்னுருக்கு."

"என்னது? இம்புட்டுப் பெரிய காரு, கையளவு கம்பளிக்கா நின்னுச்சு?"

"ஆமாப்பா."

"எல்லாரும் வேற மாதிரியில்ல சொன்னாங்க."

"சொன்னாங்க." கஜேந்திரன் குனிந்து தரையைப் பார்த்தான். "நானும் அத மறுத்துச் சொல்லலதான். ஏறுங்க."

கிழவர் அவனை நம்பினாரா இல்லையா தெரியாது. கேஷிகா நகர்ந்து இடம் விட்டு, உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுத்ததால் ஏறினார்.

பெக்டரியைத் தாண்டியதும் ஏற்றம் வந்தது. சீதாலெட்சுமி முன்பலகையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்னால் கம்பித் தட்டிக்குள் காற்று இழுபடும் மெல்லிய இரைச்சல் கேட்டது. அது இத்தனை மாதமும் கேட்காமல் போன சத்தம் என்று கஜேந்திரனுக்கு இப்போதுதான் உறைத்தது. முதல் வளைவு. இரண்டாம் வளைவு. கார் மேலே ஏறி மெயின் ரோட்டைப் பிடித்தது.

"காலு சில்லுங்குது" என்றார் அழகுமுத்து.

"பொறுத்துக்குங்கப்பா."

"பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கேஷிகா கம்பளித் துண்டை விரித்து அவர் முட்டிமேல் போட்டாள். பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் அது புகைவாசம் அடித்துக்கொண்டு கிடந்தது. தலவாக்கலை தாண்டும்போது எதிரே வினோஜனின் ஆட்டோ வந்தது. கார் நிற்காமல் போவதைப் பார்த்து நீளமாக ஹோர்ன் அடித்தான். கஜேந்திரன் பதிலுக்கு அடிக்கவில்லை. சந்தோஷம் வரும் என்று பார்த்துக்கொண்டே வந்தான். கொட்டாவிதான் வந்தது.

மண்டபத்து வாசலில் மேளம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்து கேஷிகாவை இறக்கிக்கொண்டு போனார்கள். சனம் அவள் பின்னால் போய்விட்டது. இடது பக்கத்துக் கதவு மூடியே இருந்தது. அழகுமுத்து உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கஜேந்திரன் இறங்கினான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முதலாளிக்காக இத்தனை வருஷம் சுற்றி வந்தது போலவே காரைச் சுற்றி வந்து, அந்தக் கதவைத் திறந்து பிடித்தான்.

கிழவர் அவசரப்படவில்லை. கம்பளித் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார். கோட்டை இழுத்துவிட்டார். முதலில் ஒரு காலை வெளியே வைத்தார்.