புளிக்குத் தப்பிய கடிவாள வில்லை

1978 ஈஸ்டர் லீவுக்கு நான் சிட்னியில் இருந்து மெல்பேர்ண் போனதற்குக் காரணம் ஊர் பார்க்கிற ஆசை இல்லை. வயிற்றெரிச்சல். இங்கிலாந்தில் வேலை முடித்து மெல்பேர்ணுக்கு வந்த கூட்டாளி குகன், இங்கிலாந்தில் இருக்கும்போதே ஒரு வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடந்தபோது, ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய குதிரைக் கடிவாள வில்லை ஒன்றைக் கண்டெடுத்தானாம். தோல் வாரில் பதிக்கிற வெண்கலத் துண்டு. பழைய குதிரைச் சாமான்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தவன் நான். அவன் டிடெக்டர் வாங்கி ஆறு மாதம்கூட இல்லை. என்னுடையது சிட்னியில் நான் இருந்த செவன் ஹில்ஸ் முழுக்கச் சுற்றியும் போத்தல் மூடிதான் காட்டியது. இந்த நாட்டில் அந்தக் காலத்துக் குதிரையே இல்லை, அது வேறு எரிச்சல்.

ஹியூம் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 880 கிலோமீற்றர். விடிய வெளிக்கிட்டு வழியில் ஆல்பரியில் சாப்பிட்டேன். லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்த நேரமெல்லாம், அது போலியாக இருக்கவேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டே போனேன். குகன் வீடு மெல்பேர்ணின் ஓரத்தில் த பேசின் என்ற இடத்தில், மலையடிவாரம். இப்போது பிள்ளையார் கோயில் இருக்கிற பக்கம். அப்போது கோயில் கிடையாது. கார் இல்லாமல் போகவும் ஏலாது.

பஞ்சுக்குள் இருந்து எடுத்துக் காட்டினான். போலி இல்லை. உடலைப் பின்னித் திரும்பிப் பார்க்கிற ஒரு மிருகம், பச்சைக் களிம்புக்குள் அங்கங்கே தங்கப்பூச்சு. "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன்.

குகனின் மனைவி ராணி குசினியில் இருந்து கோப்பையோடு வந்தா.

"அண்ணை படம் எடுக்கப்போறார் எண்டு இவர் சொன்னவர். அதுதான் புளி கரைச்சனான். குத்துவிளக்கு மாதிரி மினுக்கித் தாறன்."

"ஓம், களிம்பு போகட்டும்" என்று குகனும் வில்லையை நீட்டினான்.

எனக்குத் தெரியும்: தேய்த்தால் பூச்சும் போகும், மிருகமும் போகும், அவனுடைய பெருமையும் போகும். போகட்டுமே என்றுதான் இருந்தது. ராணி வில்லையை வாங்கிப் புளியைத் தொட்டபோது அந்த மிருகத்தின் சின்னக் கண் தெரிந்தது. என்னால் ஏலவில்லை, வில்லையைப் பறித்துவிட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. களிம்போட சேர்ந்து தங்கமும் உரிஞ்சு போகும்."

குகன் வெளிறிப்போனான். சாப்பிட்டு முடிந்த பிறகுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. "நல்ல காலம் நீ வந்தது. எண்டாலும் மச்சான், கண்டெடுத்தது நான்தானே."

இப்படிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: விடிய வெளிக்கிடுங்கள், மலையடிவாரம் குளிரும், சுவெட்டர் வேண்டும். பழைய வெண்கலத்தை மினுக்க ஒருவரையும் விடாதீர்கள். அந்த வில்லை, பிறகு குகனே கொடுத்து, இப்போது இங்கிலாந்தில் ஒரு மியூசியத்தில், கண்ணாடிக்குள், கீழே குகனின் பெயரோடு இருக்கிறது. போன வருஷம் போய்ப் பார்த்தேன். தங்கப்பூச்சு அப்படியே இருந்தது. என்னுடைய எரிச்சலும்தான்.