கையுறைக் கைதட்டல்

ஹோசியா டில்மன் பாதித் தூக்கத்தில் இருந்தால்தான் நன்றாக வாசிப்பான். கண் செருகியிருக்கும், தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கை மட்டும் கிட்டாரின் மேல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எங்கள் ஆற்றங்கரை ஊரான ஹெலினாவில் ஆற்றுப் பனி கரையேறி வீதிக்குள் வருவதுபோல அந்தச் சத்தம் வரும். எப்போது வந்தது என்று தெரியாது.

பருத்திக் காட்டில் பிறந்தவன். துடைப்பத்தைக் கட்டியிருந்த கம்பியைப் பிரித்து வீட்டுச் சுவரில் இழுத்து ஆணியடித்து, அதில்தான் முதலில் வாசித்தான். பிறகு இசைக்குழுவோடு பஸ் ஏறி ஊர் ஊராகப் போனான். ஊரில் இருந்தால் சனிக்கிழமை இரவு ஆட்டமும் குடியுமான கிளப்பில் வாசிப்பான், ஞாயிறு காலை தேவாலயத்தில் கீர்த்தனைக்கு வாசிப்பான். மெம்பிஸில் பதிவான எத்தனையோ இசைத்தட்டுகளில், பாடகன் குரலுக்குப் பின்னால் சக் சக்கென்று தாளம் வெட்டுவது அவன் கிட்டார்தான். உறையில் அவன் பெயர் இருக்காது. எனக்கு அதில் இன்றைக்கும் ஆத்திரம். அவனுக்கு இல்லை, அவன் ஏக்கம் வேறு.

அவன் மனைவி வெர்டெல் எங்கள் சபையில் வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் கையுறையுமாக வாசலில் நின்று, வருகிறவர்களை உட்காரவைப்பவள். கல்யாணத்தின்போதே சொல்லிவிட்டாள்: "சனிக்கிழம உன்னோடது, ஞாயித்துக்கிழம ஆண்டவரோடது. அந்தக் கிளப்புக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். அந்தப் பாட்டு என் வீட்டுக்குள்ளயும் வரக்கூடாது." சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதற்கு நானே சாட்சி, அந்தக் கிளப்பில் கெளுத்தி மீன் பொரித்தவள் நான்தான்.

ஆனால் அவளுக்காகவே அவன் ஒரு மெட்டுக் கட்டியிருந்தான். ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நிற்கும். கிளப்பே இரண்டு முறை கைதட்டும். மறுபடி ஓடும்.

"ஊரே தட்டுது யூலா. யாருக்குப் போட்டேனோ அவ ஒருத்தி கேக்கலையே," என்று மீனைப் பிய்த்துக்கொண்டே என்னிடம் புலம்புவான். நான் திரும்பிக்கொண்டு அடுத்த மீனை எண்ணெயில் போடுவேன்.

ஒரு ஆகஸ்ட் ஞாயிறு. முந்தின நாள் வெளியூரில் கச்சேரி. பொட்டுத் தூக்கமில்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகச் சபைக்கு வந்தான். மூப்பர் பர்விஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பிரதர் டில்மன், இன்னொரு தடவ இங்க கிளப் வாட வந்துச்சு, கிட்டாரத் தூக்கி வெளிய வச்சிருவேன்."

"இது பஸ் வாட, மூப்பரே," என்றான் அவன்.

காணிக்கை நேரத்தில் நாங்கள் வரிசை வரிசையாக எழுந்து, பாட்டுக்கு அசைந்தபடி மேஜையைச் சுற்றி வருவோம். கடைசி ஆள் உட்காரும்வரை கிட்டார் நிற்கக் கூடாது. அன்று நல்ல வெக்கை. விசிறிகள் சோம்பலாக அசைந்தன. ஹோசியாவின் கண் செருகியது. கீர்த்தனை கொஞ்சம் கொஞ்சமாக இளகி, எங்கேயோ வளைந்து, எங்களுக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சனிக்கிழமை மெட்டுக்கு வந்துவிட்டது. என் தோள் தானாக ஆடியது. ஐயோ, தூங்கிவிட்டானே என்று எனக்குப் பகீரென்றது.

மெட்டு சட்டென்று நின்றது.

சபையே இரண்டு முறை கைதட்டியது. கிளப் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்க மாட்டோம் என்பவர்கள் எல்லோரும் தட்டினார்கள். பர்விஸின் கையில் காணிக்கைத் தட்டு இருந்ததால் அவர் காலால் இரண்டு முறை மிதித்தார். மிதித்துவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்கெல்லாம் ஹோசியா விழிக்கவில்லை. ஒரு நொடி பிந்தி, வாசல் பக்கமிருந்து மெத்து மெத்தென்று இரண்டு தட்டல் வந்தது. அப்போதுதான் கண்ணைத் திறந்தான். வெர்டெலின் வெள்ளைக் கையுறைகள் இன்னும் சேர்ந்தபடியே இருந்தன.

"உனக்கெப்படித் தெரியும்?" சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டான்.

"கிளப்புக்குள்ள நான் கால் வைக்கல," என்றாள் அவள். "யூலாவோட அடுப்படிக்குப் பின்வாசல்ல நிப்பேன். இத்தன வருஷமா என் தலமுடியில மீன் வாசன வருதே, ஏன்னு ஒரு நாளாவது கேட்டியாய்யா?"

அவன் அழுதான். நானும்தான்.

பர்விஸ் தொண்டையைச் செருமினார். "வரிச இன்னும் முடியல, பிரதர். வாசிங்க."

அடுத்த சனிக்கிழமை ஹோசியா தன் நாற்காலியைக் கூட்டத்துக்கு முதுகாக, சமையலறைக் கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டான். ஆட வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சாகும்வரை அவன் அதைத் திருப்பவில்லை.