மேல்பல் முளைத்த மாடு

மீனாட்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மெஹருன்னிசா தென்னந்தோப்புக்குள் குறுக்கே நடப்பாள். நடந்துகொண்டே மரங்களுக்குப் பாடம் எடுப்பாள். "பேச்சை நிறுத்து. அங்கே வளைஞ்சு நிக்கிறியே, உன்னைத்தான்" என்று ஒரு மரத்தை அதட்டுவாள். மரங்கள் அடங்கி நிற்கும். அவற்றுக்கென்ன, அவை நாலாம் வகுப்பா படிக்கின்றன?

வயது பத்தொன்பது. பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தாவூத் ராவுத்தரின் மகள். ஆசிரியப் பயிற்சியில் கடைசி ஆண்டு. ஆறு வாரம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஒரு கையால் எழுதுவாள், மறு கையால் நழுவும் முக்காட்டைப் பிடிப்பாள். யோசனை வந்தால் சாக்பீஸைக் கடிப்பாள். உதடு எப்போதும் வெள்ளையாக இருக்கும்.

முதல் நாள் கூத்தை என்னவென்று சொல்ல! உள்ளே நுழைந்ததும் நாற்பத்து மூன்று பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். இவள் பாடத்தை ஆரம்பித்தாள். அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். சரிதான், நம்மை எதிர்க்கிறார்கள் என்று இவள் முடிவு கட்டிவிட்டாள். அதட்டினாள்; இன்னும் விறைப்பாக நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து முன்வரிசை மயிலாத்தாள்தான் வாய் திறந்தாள்: "டீச்சருங்க, நீங்க உக்காருன்னே சொல்லுலீங்களே. காலு கடுக்குதுங்க."

மதிப்பெண் போட வந்த சகாயம் சார் பின்வரிசையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மூணாறு எஸ்டேட் பக்கத்துக்காரர், சிரிக்கவே காசு கேட்கும் முகம். 'வகுப்பு கைக்குள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். இன்னும் ஒரே தடவை வருவார். அதிலும் தவறினால் சான்றிதழ் கிடையாது. மறுபடி பயிற்சிக்கு அனுப்ப அத்தா தாவூத் ராவுத்தர் சம்மதிக்கமாட்டார். படிப்பு அதோடு சரி. அன்று பஸ்ஸில் பாதி வழி அழுதாள், மீதி வழி மயிலாத்தாள் சொன்னதை நினைத்துச் சிரித்தாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் கிசுகிசுத்தாள். வகுப்பு மொத்தமும் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தது. அடேயப்பா, அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தொண்டை சரியான பிறகும் குரலை ஏற்றவில்லை. பஸ் கண்டக்டரிடம்கூடக் கிசுகிசுத்து டிக்கெட் கேட்டாள். அவர் பயந்துபோய்ச் சில்லறையைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்.

சகாயம் சார் இரண்டாம் முறை வந்த அன்று பாடம், மாடு. ராத்திரியெல்லாம் கண்விழித்துப் படம் வரைந்திருந்தாள். அழகான செவலைப் பசு, இரண்டு வரிசைப் பல்லும் தெரியச் சிரிக்கிறது. அதைச் சுவரில் மாட்டியதுதான் தாமதம், வகுப்பு வெடித்தது. பெஞ்சியைத் தட்டினார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

"மாட்டுக்கு முன்னால மேல்பல்லே கெடையாதுங்க டீச்சர்," என்றாள் மயிலாத்தாள். "இதை எந்தச் சந்தையிலீங்க புடிச்சீங்க?"

ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு மாட்டின் பல்லை யார் காட்டினார்கள்? சகாயம் சார் பேனாவைத் திறப்பது தெரிந்தது. கத்தலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, "எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க. கை தூக்கினவங்களுக்குத்தான் பேச்சு" என்று மெல்லச் சொன்னாள். சாக்பீஸை மயிலாத்தாளிடம் கொடுத்துவிட்டு அவள் இடத்தில் பெஞ்சியில் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள்.

நாற்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. மயிலாத்தாள் கரும்பலகையில் கீழ்வாய் வரைந்தாள். ரெண்டு பல்லென்றால் எளசு, எட்டும் முளைத்தால் முழுமாடு என்று வாய் ஓயாமல் விளக்கினாள். கேள்வி வந்தது, பதில் வந்தது. ஒருவர் பேச மற்றவர் கேட்டார்கள். மெஹருன்னிசாவுக்குச் சந்தோஷத்தில் உள்ளங்கையெல்லாம் வியர்த்தது.

"ஏம்மா, அப்ப ஆறு பல்லு மாட்டுக்கு..." என்று பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் குறுக்கிட்டது.

யாரென்றுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உதட்டில் விரலை வைத்தாள். குரல் நின்றது. சற்றுப் பொறுத்துத் திரும்பினாள். பின்வரிசையில் சகாயம் சார் நோட்டை மூடி வைத்துவிட்டு, வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.