ஊரழித்தவர் அனுப்பிய துணி

ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால் பதினான்காம் நம்பர் பஸ்ஸின் சாவி இன்றும் ஆர்டித் ஸ்கையிடம்தான் இருந்திருக்கும்.

ஆர்டித் அமெரிக்கப் பூர்வகுடிகளான செனெகா இனத்தவர். தொனவாண்டாவில் பிறந்து, ஜெனிசீ பள்ளத்தாக்கில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். எவ்வளவு பனி கொட்டினாலும் ஒரு நாள் தாமதமானதில்லை. அதே பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு வேலை.

பஸ் போகும் வழியில் ஓர் இரும்புப் பலகை நின்றது. அதில் இரண்டே வரி. ஜார்ஜ் வாஷிங்டன் ஆணைப்படி 1779-இல் இங்கிருந்த செனெகா ஊர் எரிக்கப்பட்டது என்பது முதல் வரி. நாகரிகத்துக்கு வழி பிறந்தது என்பது இரண்டாவது.

செனெகாக்கள் அவருக்கு வைத்த பெயர் ஊரழித்தவர். அவருக்குப் பின் வந்த ஜனாதிபதிகளையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஆனால் 1794-இல், நிலம் உங்களுடையது, நாங்கள் தொந்தரவு செய்யமாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டதும் அவருடைய அரசாங்கம்தான். அதன்படி வருஷாவருஷம் அரசிடமிருந்து ஆளுக்குக் கொஞ்சம் துணி வருகிறது. பணமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரசு கேட்டுப்பார்த்தது. இவர்கள் மறுத்துவிட்டார்கள். துணி வந்துகொண்டிருக்கும்வரை ஒப்பந்தத்துக்கு உயிர் இருக்கிறது. துணிக்கென்று அன்று எழுதிய தொகை மாறவில்லை, துணி விலைதான் ஏறியது. அந்த வருஷம் ஆர்டித்துக்குக் கிடைத்தது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

பிப்ரவரி இருபத்திரண்டு, வாஷிங்டன் பிறந்தநாள். விடிந்ததும் ஆர்டித் அந்தத் துணியைக் கொண்டுபோய்ப் பலகையில் கட்டினார். ஒரு வரியைத்தான் அது மறைத்தது.

அந்த வாரமே புகார் வந்தது. பள்ளி வாரியம் விசாரணைக்கு நாள் குறித்தது. மன்னிப்புக் கேட்டு, இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"எழுதிக் கொடுத்துருங்க ஆர்டித், வெறும் காகிதம்தானே" என்றேன். வேற்று நாட்டிலிருந்து வேலைக்கு வந்த எனக்கு எப்போதும் விசா ஞாபகம்.

"உனக்குக் காகிதத்தைக் கண்டாலே நடுக்கம்" என்று சிரித்தார். "நாங்க இருநூறு வருஷத்துக்கு மேல ஒரு காகிதத்தை இறுக்கிப் பிடிச்சிட்டு நிக்கிறோம். வெறும் காகிதமாம்!"

விசாரணை அன்று கூடம் நிரம்பியிருந்தது. வாரியத் தலைவர் ராய்ஸ் டென்டன், பலகையிலிருந்து அவிழ்த்து வந்த துணியை மேசைமேல் விரித்தார்.

"தேசத் தந்தையை அவமானப்படுத்தணும்னுதானே இதைக் கட்டுனீங்க?"

"அவர் பேரு மேல வரியில இருக்கு. நான் அதைத் தொடவே இல்லையே."

டென்டன் புகாரோடு வந்த புகைப்படத்தை எடுத்துப் பார்த்தார். பெயர் பளிச்சென்று தெரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அப்போ எதைத்தான் மறைச்சீங்க?"

"நாகரிகத்தை."

இப்போது கூடமே சிரித்தது. டென்டனின் முகம் சிவந்தது.

"எங்க சோளத்தையும் பீச் மரத்தையும் கொளுத்தச் சொன்னது அந்த ஆளு. அந்தப் பேரு தெரியட்டும்" என்றார் ஆர்டித். "அப்புறம் வாக்குக் கொடுத்ததும் அதே ஆளுதான். அதுக்கும் அந்தப் பேரு வேணும். கொளுத்துனது நல்லதுக்குத்தான்னு எழுதி வச்சிருக்கீங்களே, அது அவர் சொன்னதில்ல, நீங்க ஒட்டுனது. பஸ்ஸுல வர்ற பிள்ளைங்க தினமும் அதைப் படிக்குதுங்க."

"பேச்சு போதும். கடிதம் எங்க?"

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினார். டென்டன் உரக்கப் படிக்க ஆரம்பித்து, பாதியிலேயே குரலைத் தாழ்த்திவிட்டார்.

"அடுத்த வருஷமும் துணி வரும். வந்தால் கட்டுவேன். இப்படிக்கு, ஆர்டித் ஸ்கை."

"கட்டமாட்டேன்னு எழுதுனா பஸ் உங்களுக்குத்தான், ஆர்டித். யோசிங்க."

"எழுதினா காப்பாத்தணும். உங்க ஆளுங்கள்ல சில பேருக்கு அது பழக்கமில்ல, எங்களுக்குப் பழக்கம்."

சாவியை மேசையில் வைத்தார். துணியை நாலாக மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த பிப்ரவரி இருபத்திரண்டு காலை, பதினான்காம் நம்பர் பஸ்ஸை வேறு ஒருவர் ஓட்டி வந்தார். பலகையருகே புதுத் துணியோடு ஆர்டித் நின்றிருந்தார். போன வருஷத்தைவிட நாலு விரல் குறைவு. இழுத்துப் பிடித்து, அந்த ஒரு வரி மறைய, முடிச்சுப் போட்டார்.