தம்பியின் டாங்கியில் விழுந்த பள்ளம்

தம்பி மௌத்தாகி நாலு மாதம் தாண்டிவிட்டது. அவன் பெண்சாதி, புருஷன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருக்கிறாள். வெளியே வரமாட்டாள், நான் போனாலும் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் கதைப்பேன். அவனுடைய மோட்டார் சைக்கிளை அவள்தான் என்னிடம் ஒப்படைத்தாள்.

"ஓடாமக் கிடந்தா பழுதாப் போயிரும், மச்சான். நீங்க ஓடுங்க. ஒரு கீறல் விழாமப் பாத்துக்கங்க."

கீறல் விழவில்லை. பள்ளம் விழுந்தது.

நிந்தவூரில் அசர் தொழுகைக்குப் பிந்திப் போனேன். அவசரத்தில் பள்ளி முற்றத்து மணலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டிக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிளை ஒற்றைக் கால் ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு ஓடினேன். சுஜூதில் கிடக்கும்போது வெளியே 'டம்' என்றது. நெற்றி பாயில், மனசு முற்றத்தில். எத்தனையாவது ரக்அத் என்று இமாமுக்காவது தெரிந்திருந்ததால் தொழுகை தப்பியது.

சைக்கிள் சரிந்து, தொட்டியின் மூலை பெற்றோல் டாங்கியில் இடித்திருந்தது. முட்டையை வைத்தால் உருளாது, அப்படியொரு பள்ளம்.

தம்பிக்கு மண் போட்ட அன்று எனக்குக் கண்கூட நனையவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை போட்டேன், பகிடி விட்டுச் சிரிக்கவைத்தேன். இப்போது ஒரு தகரத்துக்கு முன்னால் மண்டியிட்டு, பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீர் ஊற்றினேன், ஐஸ்கட்டி வைத்தேன். கடைசியில் கக்கூஸ் அடைப்பெடுக்கும் ரப்பரை ஒட்டி இழுத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏன், அதுக்கும் மலச்சிக்கலா?"

இத்தா முடிய ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் பள்ளத்தை எடுத்துவிட்டால் அவள் கண்ணில் படாது. சாய்ந்தமருதில் டிங்கர் வேலை செய்பவரிடம் போனேன். அவர் டாங்கியைக் கழற்றி, பெற்றோலை வடித்து, சவர்க்காரத் தண்ணீரால் மூன்று தரம் அலசினார்.

"என்ன, டாங்கிக்கும் ஒளுவா?" என்றேன்.

"ஆவி உள்ளுக்க இருக்கக்குள்ள நெருப்பக் காட்டினா, நம்ம ரெண்டு பேரையும் கடைசியாக் குளிப்பாட்டத்தான் ஆள் தேடணும், காக்கா."

டாங்கியை வெயிலில் காயவைத்தார். பள்ளத்தில் கம்பியைப் பற்றவைத்து இழுப்பதற்காகப் பெயின்டைச் சுரண்டினார். பெயின்டுக்குக் கீழே, பள்ளம் நிரப்பப் பூசும் பட்டி தடிப்பாகப் பெயர்ந்து வந்தது.

"இது நான் பூசின பட்டி. உங்கட தம்பியும் இதே இடத்த நெளிச்சிட்டுத்தான் வந்தவர். 'வீட்ட மட்டும் சொல்லிராதீங்க' எண்டு என்ட கையப் புடிச்சிக் கெஞ்சினவர்."

அழுகை வரவேண்டிய இடம் அது. வரவில்லை. சுரண்டிய தூள் என் செருப்பில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கம்பியை இழுக்க, பள்ளம் முக்கால்வாசி எழும்பியது.

"மிச்சத்துக்குப் பட்டி பூசிருவமா? ஒருத்தருக்கும் விளங்காது."

"வேணாம்," என்றேன். ஏனென்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை.

டாங்கியை மோட்டார் சைக்கிளில் திரும்பப் பூட்டிக்கொண்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். திரைக்கு முன்னால் நின்று சொன்னேன்: "மச்சி, சைக்கிள விழுத்திட்டன். டாங்கி நெளிஞ்சிட்டு."

தம்பியும் நெளித்தவன்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், நானும் தப்பியிருப்பேன். பகிடி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"அவர் ஒரு நாளும் விழுத்தினதில்ல," என்றாள்.

"ஓம்," என்றேன்.

"சாவிய ஜன்னல்ல வெச்சிட்டுப் போங்க, மச்சான்."

வைத்துவிட்டு நடந்தேன்.