டார்பிடோவை ஜெயித்த இசைத்தட்டு

சிப்ரியன் டெலமோர் என்றால் யாருக்கும் தெரியாது. லார்ட் டார்பிடோ என்றால் எங்கள் தீவின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் முழுக்கத் தெரியும். ஊர்வம்பைப் பாட்டாகக் கட்டும் எங்கள் கலிப்சோ பாடகர்கள் பிரபுப் பட்டத்தைத் தாங்களே சூட்டிக்கொள்வார்கள். வேறு யார் கொடுக்கப்போகிறார்கள்? துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கு அந்தப் பெயர்தான் சொத்து. அவனுக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசித்தவன் நான்.

கார்னிவல் எங்கள் வருடத் திருவிழா; கார்னிவலுக்குக் கார்னிவல் புதுப்பாட்டு வேண்டும். ஏற்கெனவே கேட்ட பாட்டோடு பாட்டுப்போட்டிக் கூடாரத்துக்குள் வந்தால் கூவியே விரட்டிவிடுவார்கள். அந்த வருடம் சிப்ரியன், கவர்னர் விருந்தில் வான்கோழி திருடுபோன கதையைப் பாட்டாகக் கட்டியிருந்தான். திருடன் போலீஸ் இன்ஸ்பெக்டர்தான் என்பது கடைசி அடியில்தான் உடையும். கேட்ட நாலு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். போட்டிக் கிரீடம் இந்த முறை தனக்குத்தான் என்று அவன் தூக்கம்கூட இல்லாமல் திரிந்தான். அந்த நேரம் பார்த்து நியூயார்க்கிலிருந்து இசைத்தட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

“அங்க வேற எதையாவது பாடிட்டு வா. இதைக் கூடாரத்துக்கு வச்சுக்கோ,” என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன்.

“போடா பயந்தாங்கொள்ளி! இருக்கறதுலயே நல்லதைத்தான் தட்டுல போடணும். அது கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள கார்னிவலே முடிஞ்சிடும்.”

போய் அதையே பாடிவிட்டு வந்தான்; தட்டு முந்திக்கொண்டது. கூடாரம் திறப்பதற்குள் ரம் கடைக்கு ரம் கடை வான்கோழிப் பாட்டுதான். சிப்ரியன் கடைசி அடிக்கு வருமுன்பே சனங்கள் “இன்ஸ்பெக்டர்!” என்று கத்தித் தீர்த்துவிட்டார்கள்.

“யோவ் டார்பிடோ, தட்டுல தொண்டை நல்லா இருந்துச்சே! வழியில தொலைச்சிட்டியா?” என்றாள் முன்வரிசை மீன்காரி. கிரீடம் வேறொருவன் தலைக்குப் போனது.

அதற்குப் பிறகும் அவன் வருடா வருடம் கட்டினான், ஒன்றைவிட ஒன்று நல்ல பாட்டு. புதுசைப் பாடினால் “வான்கோழி பாடு” என்றார்கள். வான்கோழியைப் பாடினால் பழசு என்று கூவினார்கள். இந்த ஊர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அவன் மூட்டைக்கே திரும்பினான்.

நாங்கள் கிழவர்களான பிறகு ஒருநாள் ரேடியோவில், “மறைந்த லார்ட் டார்பிடோ” என்று சொல்லி வான்கோழியைப் போட்டார்கள். சிப்ரியன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். நானும் போனேன்.

“நான்தான் டார்பிடோ” என்று சிப்ரியன் சொன்னதும், நிலையத்தில் அறிவிப்பாளர் மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். “அவர் நியூயார்க்லயே இறந்துட்டார்னுதானே எல்லாரும் சொல்றாங்க?”

சிப்ரியன் அந்தப் பாட்டையே பாடினான். வாயில் பாதிப் பல் இல்லை. அவர் முழுசும் கேட்டார்.

“தப்பா நினைக்காதீங்க பெரியவரே. டார்பிடோ குரல் எனக்கு மனப்பாடம். நீங்க அவர் இல்ல.”

“யோவ், இவன் பின்னால நின்னு கிட்டார் வாசிச்சவன்யா நான்!” என்று எழுந்தேன். அவர் சிரித்தார். பிறகு, டார்பிடோ எப்படிப் பாடுவார் என்று எங்களுக்குக் காட்ட அந்தத் தட்டையே போட்டார்.

சிப்ரியன் கடைசி அடிவரை அசையாமல் கேட்டான்.

“பாவம், நல்லாத்தான் பாடியிருக்கார்,” என்றான். “எந்த வருஷம் செத்தாராம்?”