மலர்க்கொடி பார்த்த சிறுகோள்

மலர்க்கொடிக்குப் பிழைப்பே புள்ளிகளோடுதான். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் பதினாறு வருடமாக உட்கார்ந்து, மாப்பிள்ளை மூக்கிலிருக்கும் பருவையும் மாமியார் கன்னத்து மருவையும் கம்ப்யூட்டரில் துடைத்துக்கொண்டிருக்கிறாள். குறிஞ்சிப்பாடியில் பிறந்து, பி.எஸ்சி. கணக்கை முதல் வகுப்பில் முடித்தவளுக்கு, ஊரார் முகத்துக்கு வெள்ளையடிக்கும் உத்தியோகம்.

அவள் புருஷன் மணவாளன் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் வாத்தியார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் என்று நிலாவைக்கூடப் பார்க்காதவர். ஆனாலும், பூமிக்குப் பக்கத்தில் வந்துபோகும் சிறுகோள்களைப் பொதுமக்களே தேடலாம் என்று வெளிநாட்டுக் குழு ஒன்று அறிவித்ததும் ஓடிப்போய்ப் பெயரைக் கொடுத்தார். சர்டிபிகேட் தருவார்களாமே!

வானத்தின் ஒரே மூலையைச் சில நிமிட இடைவெளியில் எடுத்த படங்கள் குழுவிடமிருந்து நான்கு நான்காக வந்தன. அவற்றை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும், சிறுகோள் மட்டும் நகரும். மணவாளன் இரண்டாவது படத்திலேயே கொட்டாவி விட்டார்.

"மலரு, நீதான் சும்மா இருக்கியே, கொஞ்சம் பாத்து வையேன்" என்றார். அவள் அப்போது ஒரு கையில் தோசைக்கரண்டியும் இன்னொரு கையில் மகளின் சடையுமாகச் சும்மா இருந்தாள்.

பதினோராவது நாள் ஒரு புள்ளி நகர்ந்தது. கேமரா தூசா, நிஜமா என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும், தொழில் அப்படி. நாலு படத்திலும் அது ஒரே சீராக நேர்கோட்டில் போயிருந்தது. அறிக்கையை நிரப்பி, கண்டவர் பெயர் என்ற கட்டத்தில் தன் பெயரை அடித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கப்புறம் அவள் பெயர் எங்கேயும் தனியாக நின்றதில்லை. அது அங்கேயே இருக்க வேண்டுமென்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

"லாகின் என் பேருல இருக்குது. யாரு பேரப் போட்டா இன்னா, ஒரே வூடுதானே?" என்று மணவாளன் அதை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தார்.

"ஒரே வூடுதானே, அப்ப என் பேரே இருக்கட்டுமே" என்றாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

புள்ளி நிஜம்தான், பாதையைக் கணக்கிட இன்னும் பல நாள் பார்க்க வேண்டும், அதுவரை புதியது என்று சொல்ல முடியாது என்று குழு பதில் எழுதியது. நம்மூரில் அதுவரை யார் பொறுப்பது? பேனர் அடிக்கும் தொழில் செய்யும் அவள் தம்பி இளவரசு, 'வானத்தை வென்ற எங்கள் மாமா' என்று இருபதடி நீளத்துக்கு அடித்துவிட்டான். மாமா கூலிங்கிளாஸ் போட்டிருந்தார், பின்னால் பூமி எரிந்துகொண்டிருந்தது. அந்த முகத்துப் பருவைத் துடைத்துக் கொடுத்தவளும் மலர்க்கொடிதான். சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் பொன்னுரங்கம் பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தார். அந்தச் சிறுகோளுக்குத் தன் அப்பா பெயரை வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

விழாவன்று காலை குழுவிடமிருந்து மெயில் வந்தது. அது இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் கல், பூமியின் பாதைக்குக் கிட்டே வந்துபோவதும் உண்மை. ஆனால் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், எட்டு வருடத்துக்கு முன்பே வேறொருவர் பார்த்துப் பிறகு தவறவிட்ட அதே கல். கண்டுபிடித்த பெருமை அவருக்குத்தான்.

மணவாளன் சால்வை போர்த்தும்வரை வாயைத் திறக்கவில்லை. போர்த்தியதும் மைக்கைப் பிடித்து மெயிலைப் படித்தார்.

"ஒரு உண்மைய சொல்லிடறேன். படத்தப் பாத்தது நான் இல்ல, என் மனைவி மலர்க்கொடி. அவுங்க கொஞ்சம் தப்பா பாத்துட்டாங்க."

மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. அவள் எழுந்தாள்.

"நான் சரியாத்தான் பாத்தேன். எனக்கு முன்னாடி ஒருத்தர் பாத்துட்டாரு, அவ்ளோதான். ஆனா ரெண்டாவதா பாத்தவங்கன்னு அந்த மெயில்ல என் பேரு இருக்குதாங்க? அதுவும் உங்க பேருதானே?"

மணவாளன் சால்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.